டவர் இல்லாத விமானத்தளத்தில் இறங்குவது: குமரி மாவட்டப் பிள்ளைகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கங்களிலிருந்து விமானி பயிற்சிக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். டவர் என்பது எப்போது இறங்கலாம், ஏறலாம் என்று விமானிகளுக்கு ரேடியோவில் சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம். கேள்விகள் அவரவர் கேட்டபடியே உள்ளன. வேறு நாட்டின் பெயர் சொல்லாத இடங்களில் எண்களும் விதிகளும் அமெரிக்க முறைப்படி. பயிற்சி விமானம் என்றால் செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம் என்று கொள்ளவும்.

"ஏர்போர்ட்னாலே டவர் இருக்கும்தானே? டவர் இல்லாத ஏர்போர்ட்டும் உண்டா?"

நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரம், தூத்துக்குடி, மதுரை மூன்றும் பயணிகள் விமானம் வந்துபோகும் இடங்கள். அங்கே கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லாமல் எந்த விமானமும் இறங்காது. அதையே பார்த்துப் பழகியதால் இந்தக் கேள்வி வருகிறது. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் விமானத்தளங்கள் சுமார் 5,000. டவர் உள்ளவை 500-க்குச் சற்று மேல்தான். மீதி எல்லாவற்றிலும் விமானிகளே தங்களுக்குள் ஒழுங்கு பார்த்து இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். டவர் உள்ள சில இடங்களிலும் இரவில் அதை மூடிவிடுவார்கள். மூடிய நிமிடத்திலிருந்து அதுவும் கட்டுப்பாடற்ற தளம்.

"எனக்க மவ ஒத்தைக்கு விமானம் ஓட்டப் போறா. டவரே இல்லாத எடத்துல எறங்கணுமாம். உயிருக்கு ஆபத்து இல்லியா?"

ஆபத்து உண்டு, அது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். வானில் விமானங்கள் மோதும் விபத்துகளில் பெரும்பாலானவை விமானத்தளத்தின் அருகில், நல்ல வெயிலில், தெளிவான வானில் நடந்தவை. அதிலும் ரன்வேக்கு நேராக வந்து இறங்கும் கடைசிக் கட்டத்தில் அதிகம். வானிலை நன்றாக இருக்கும் நாளில்தான் எல்லோரும் பறக்க வருகிறார்கள், எல்லோரும் சேரும் இடம் ரன்வே. தெரிந்த ஆபத்து என்பதால் அதற்கென்று பழகிய முறையும் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் முழுக்க அந்த முறைதான்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தோடு இதையும் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பயிற்சி விமானங்களைச் சர்க்யூட்டில் (ரன்வேயைச் சுற்றிப் பறக்கும் பாதை, கீழே விளக்கியிருக்கிறோம்) விடுவீர்கள்? சுற்றியுள்ள விமானங்களைக் காட்டும் கருவி விமானத்தில் உண்டா? முதல் தனிப் பறப்பின்போது ஆசிரியர் தரையில் கையில் ரேடியோவோடு நிற்பாரா? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் பள்ளி நல்ல பள்ளி.

"டவர் இல்லேன்னா எறங்க யாரு பெர்மிஷன் குடுப்பா?"

யாரும் கொடுக்கமாட்டார்கள். இறங்கலாமா, காத்திருக்கலாமா, சுற்றி மறுபடி வரலாமா என்பதை விமானியே முடிவு செய்ய வேண்டும். சில தளங்களில் எரிபொருள் நிரப்பும் இடத்தில் இருப்பவர் ரேடியோவில் காற்றின் திசையைச் சொல்வார். அது தகவல், அனுமதி அல்ல. "27-ம் எண் ரன்வேயில் இறங்கு" என்று அவர் சொன்னாலும், ரன்வேயில் மாடு நின்றால் பொறுப்பு உங்களுடையதுதான்.

"சர்க்யூட், பேட்டர்ன்னு சொல்றாங்களே, அது என்ன? நேரா வந்து எறங்குனா என்ன?"

ரன்வேயை ஒரு நீளப் பக்கமாக வைத்து வானில் போடும் செவ்வகப் பாதைதான் சர்க்யூட். காற்றை எதிர்த்து ஏறி, திரும்பி கிராஸ்விண்ட், ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் டவுன்விண்ட், மறுபடி திரும்பி பேஸ், கடைசியாக ரன்வேக்கு நேராக ஃபைனல். திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கம்; வலப்பக்கம் என்றால் வரைபடத்திலோ தரைக் குறியீட்டிலோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். சிறு விமானத்துக்கு உயரம் தரையிலிருந்து 1,000 அடி, டர்பைன் எஞ்சின் விமானத்துக்கு 1,500 அடி. டவுன்விண்டில் ரன்வேயிலிருந்து அரை மைல் முதல் ஒரு மைல் வரை விலகிப் பறப்பார்கள்.

உயரத்தில் ஒரு சிக்கல். 1,000 அடி என்பது தரைக்கு மேலே. ஆல்டிமீட்டர் காட்டுவது கடல் மட்டத்துக்கு மேலே. தளம் 620 அடி உயரத்தில் இருந்தால் மீட்டரில் 1,620 இருக்க வேண்டும். அன்றைய காற்றழுத்த எண்ணை ஆல்டிமீட்டரில் வைக்க மறந்தால் இன்னொரு பிழை சேரும்: ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் சுமார் 30 அடி. பத்து தவறினால் 300 அடி மேலேயோ கீழேயோ, யாரும் பார்க்காத இடத்தில் பறந்துகொண்டிருப்பீர்கள். எல்லோரும் ஒரே பாதையில் வந்தால் எங்கே பார்ப்பது என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்யூட்டின் முழுப் பயனும் அதுதான். நேராக வந்து இறங்குவதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

"எந்தப் பக்கம் எறங்கணும்னு எப்படி முடிவு பண்றது?"

காற்றை எதிர்த்துத்தான். ரன்வேயின் எண் திசையைச் சொல்லும்: 27 என்றால் 270 பாகை, அதாவது மேற்கு நோக்கி இறங்குவது. காற்றுப்பையின் அகன்ற வாய் காற்று வரும் பக்கம் இருக்கும். வாலிலிருந்து வாய் நோக்கிய திசையில் இறங்க வேண்டும். அமெரிக்கக் காற்றுப்பை 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்றில் முழுதாக விறைத்து நிற்கும். பாதி தொங்கினால் காற்று அதைவிடக் குறைவு.

ஆரல்வாய்மொழி வழியாகப் போனவர்களுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் காற்று வெவ்வேறாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிக்குள் நெருங்கிப் பாயும்போது முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. மலைக்குப் பின்னால் ஒதுங்கிய ஊரில் இலை அசையாது. அதனால் 30 மைல் தள்ளியுள்ள தளத்தின் காற்று அறிக்கையை நம்பி ரன்வேயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மேலிருந்து காற்றுப்பையைக் கண்ணால் பாருங்கள். குறுக்குக் காற்றைக் கணக்கிட எளிய வழி: ரன்வேக்கு 30 பாகை விலகிய காற்றில் பாதி குறுக்கே வரும், 60 பாகை என்றால் ஏறக்குறைய முழுதும். ஏற்கெனவே நான்கு பேர் ஒரு ரன்வேயைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், லேசான காற்றுக்காக நீங்கள் மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரக்கூடாது.

"சர்க்யூட்டுக்குள்ள எங்க இருந்து நுழையணும்? நான் மறுபக்கத்துல இருந்து வந்தா?"

டவுன்விண்ட் பக்கத்திலிருந்து வந்தால், 10 மைலுக்கு முன்பே வேகத்தையும் உயரத்தையும் சரிசெய்து, சர்க்யூட் உயரத்துக்கு இறங்கி முடித்தபின், டவுன்விண்டின் நடுப்பகுதியை நோக்கி 45 பாகைச் சாய்வில் நுழையுங்கள். இறங்கிக்கொண்டே நுழைவதுதான் பெரிய தவறு. உங்கள் மூக்குக்கும் வயிற்றுக்கும் கீழே இருப்பவரை நீங்கள் பார்க்க முடியாது. அவரும் தலைக்கு மேலே பார்க்கமாட்டார்.

மறுபக்கத்திலிருந்து வந்தால் சர்க்யூட் உயரத்துக்கு 500 அடி மேலே ரன்வேயின் நடுவைக் கடந்து, சுமார் 2 மைல் விலகிப் போய், அங்கே இறங்கித் திரும்பி, அதே 45 பாகையில் வாருங்கள். பெரிய விமானங்கள் 1,500 அடியில் சுற்றும் தளம் என்றால் இன்னும் உயரமாகக் கடக்க வேண்டும். சர்க்யூட் காலியாக இருந்தால், சர்க்யூட் உயரத்திலேயே நடுவைக் கடந்து நேராக டவுன்விண்டுக்குத் திரும்பும் வழியும் உண்டு. யாராவது 45 பாகையில் வந்துகொண்டிருந்தால் அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

"ரேடியோல என்ன சொல்லணும்? எத்தனை தடவ?"

யாருக்கு, நான் யார், எங்கே, என்ன உயரம், என்ன செய்யப்போகிறேன், மறுபடியும் யாருக்கு. இந்த வரிசை. ஊர்ப் பெயர் முதலிலும் கடைசியிலும் வருவதற்குக் காரணம் உண்டு: 122.8 போன்ற ஒரே அலைவரிசையைப் பல தளங்கள் பகிர்கின்றன. 40 மைல் தள்ளி வேறு ஊரில் "டவுன்விண்ட் 27" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, உங்கள் சர்க்யூட்டில் இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பேச வேண்டிய இடங்கள்: தளத்துக்கு 10 மைல் முன்னால் ஒருமுறை, சர்க்யூட்டில் நுழையும்போது, டவுன்விண்ட், பேஸ், ஃபைனல், கடைசியாக ரன்வேயை விட்டு வெளியேறியபின். திருப்பத்தைத் தொடங்கும்போதே சொன்னால் இன்னும் நல்லது; சாய்ந்த இறக்கை தட்டையான இறக்கையைவிடச் சீக்கிரம் கண்ணில் படும். பதிவு எண்ணோடு நிறத்தையும் வகையையும் சேருங்கள். "வெள்ளைச் செஸ்னா" என்பது தேடுபவருக்கு உதவும், எண் உதவாது. அந்தப் பகுதிக்கு மட்டும் தெரிந்த ஏரி, தொழிற்சாலைப் பெயர்களை வெளியூர் விமானி அறியமாட்டார். தூரத்தையும் திசையையும் சொல்லுங்கள்.

"'யாராவது இருக்கீங்களா, சொல்லுங்க'ன்னு பொதுவா கேட்டுட்டு எறங்குனா போதாதா?"

வேண்டாம். அப்படிக் கேட்கக்கூடாது என்றே அமெரிக்க விமானிகளுக்கான அதிகாரப்பூர்வக் கையேடு சொல்கிறது. நீங்கள் கேட்டதும் நான்கு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், அலைவரிசையில் கிரீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். அதற்குப் பதில் 15 மைலிலேயே அந்த அலைவரிசைக்கு மாறி வாயை மூடிக் கேளுங்கள். யார் எங்கே என்ற படம் மூன்று நிமிடத்தில் தானாகவே மனதில் விழும்.

"ரேடியோல ஒரு சத்தமும் இல்ல. அப்ப யாரும் இல்லன்னு அர்த்தமா?"

இல்லை. இந்த ஒன்றை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். இத்தகைய தளங்களில் பெரும்பாலானவற்றில் ரேடியோ கட்டாயமில்லை. மின்சார அமைப்பே இல்லாத பழைய பைப்பர் கப் விமானங்கள் இன்றும் சட்டப்படி பறக்கின்றன. விவசாயத் தெளிப்பு விமானம், கிளைடர், தவறான அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பவர், ஒலியளவைக் குறைத்துவிட்டு மறந்தவர் என்று யாரும் இருக்கலாம். தவறான அலைவரிசையில் இருப்பது நீங்களாகவும் இருக்கலாம். முழு அமைதியாக இருந்தால் எண்ணை ஒருமுறை சரிபாருங்கள்.

"அப்ப கண்ணாலதான் பார்க்கணும். எப்படிப் பார்க்குறது? வானம் பூரா வெறுமையால்லா இருக்கும்?"

கண்ணை ஓட்டிக்கொண்டே இருந்தால் எதுவும் தெரியாது. நகரும் கண் உருவத்தைப் பிடிப்பதில்லை. வானத்தை 10 பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்துங்கள். வெறும் நீல வானத்தை வெறித்தால் கண் சில மீட்டர் தூரத்திலேயே குவிந்து நின்றுவிடும். அதனால் இடையிடையே தூரத்து மலையையோ அடிவானத்தையோ பார்த்துவிட்டுத் தேட வேண்டும்.

எதிரெதிரே 90 நாட் வேகத்தில் வரும் இரு விமானங்கள் நொடிக்கு 93 மீட்டர் நெருங்குகின்றன. கண்ணில் பட்டு, அது விமானம் என்று புரிந்து, முடிவெடுத்து, விமானம் திசை மாறும்வரை 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் கணக்கு. அதற்குள் இடைவெளி சுமார் 1,160 மீட்டர் சுருங்கிவிடும். அந்தத் தூரத்தில் 11 மீட்டர் இறக்கை, நீட்டிய கையின் சுண்டுவிரலில் ஏறக்குறைய பாதி அகலம்தான் இருக்கும்.

மோதும் பாதையில் வரும் விமானம் முன்கண்ணாடியில் நகராது என்பதுதான் இதில் கொடுமை. நகர்வதைத்தான் கண் எளிதில் பிடிக்கும். குளச்சல், முட்டம் கடலோடிகளுக்கு இந்தக் கணக்கு தெரியும்: எதிரே வரும் கப்பலின் திசை மாறாமல் உருவம் மட்டும் பெருத்தால் வள்ளத்தைத் திருப்ப வேண்டும். வானிலும் அதேதான். கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளியே முதல் எதிரி. கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கலாம், அதனால் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

"செஸ்னாவும் பைப்பரும் ஒண்ணா பறந்தா ஆபத்துன்னு சொல்றாங்களே, ஏன்?"

செஸ்னா 172-க்கு இறக்கை மேலே. மேலே இருப்பது தெரியாது. திரும்பும்போது திரும்பும் பக்கமே இறக்கையால் மறையும். பைப்பர் செரோக்கிக்கு இறக்கை கீழே, அதனால் கீழே இருப்பது தெரியாது. ஃபைனலில் பைப்பர் மேலேயும் செஸ்னா நேர் கீழேயும் வந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வழியே இல்லை. இருவரும் ஒரே புள்ளியை நோக்கி இறங்குகிறார்கள். செஸ்னாவில் இருந்தால் பேஸுக்குத் திரும்புமுன் அந்தப் பக்க இறக்கையைச் சற்று உயர்த்திப் பாருங்கள். ஃபைனலுக்குத் திரும்புமுன் வலப்பக்கம், நீண்ட ஃபைனலில் யாராவது வருகிறாரா என்று பாருங்கள். பலர் பார்க்க மறப்பது இந்த வலப்பக்கத்தைத்தான்.

"ஐபேட்லயே எல்லா விமானமும் தெரியுதே, வெளிய பாக்கணுமா?"

எல்லா விமானமும் தெரிவதில்லை. இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் குறிப்பிட்ட வான்பகுதிகளுக்கு மட்டும் கட்டாயம். டவர் இல்லாத பல சிறு தளங்கள் அந்தப் பகுதிகளில் வராது. திரையில் காட்டும் இடமும் சில நொடி பழையதாக இருக்கலாம். 10 மைலுக்கு வெளியே திரை நல்ல துணை, எங்கே தேடுவது என்று சொல்லும். சர்க்யூட்டுக்குள் வந்தபின் கண் வெளியே இருக்கட்டும்.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல வந்தா யாருக்கு முதல்ல?"

ஃபைனலில் இருப்பவருக்கும் இறங்கிக்கொண்டிருப்பவருக்கும் மற்றவர்கள் வழிவிட வேண்டும். இருவரும் இறங்க வந்தால் உயரம் குறைந்தவருக்கு முன்னுரிமை. ஆனால் அதைச் சாக்காக வைத்து, ஃபைனலில் இருப்பவருக்குமுன் தாழ்ந்து குறுக்கே நுழைவதை அதே விதி தடுக்கிறது. கிளைடருக்கு எஞ்சின் விமானம் வழிவிட வேண்டும், பலூனுக்கு எல்லோரும். ஆபத்தில் இருப்பவர் எல்லோருக்கும் முன்னால். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் எதிராளி விலகவில்லை என்றால் நீங்கள் விலகுங்கள். ரேடியோவில் வாதாடுவதற்கு அது நேரமல்ல.

"நேரா ஃபைனலுக்கு வாறது சட்டப்படி தப்பா?"

தப்பில்லை. ஆனால் சர்க்யூட்டில் இருப்பவர்களின் ஓட்டத்தைக் குலைக்காமல் வர வேண்டும். 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் தளத்தில், நேர் ஃபைனலில் வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340-ம் சர்க்யூட்டில் இருந்த செஸ்னா 152-ம் ரன்வே அருகே மோதி மூவர் இறந்தனர். இருவரும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரிய விமானம் தரையிறங்கும் வேகத்தைவிட மிக அதிக வேகத்தில் வந்ததால், பார்த்து விலக இருவருக்குமே நேரம் இல்லாமல் போயிற்று.

நீங்கள் சர்க்யூட்டில் இருக்கும்போது "10 மைல், நேர் ஃபைனல்" என்று கேட்டால் அவர் வகையையும் கவனியுங்கள். 90 நாட் விமானத்துக்கு அது ஏறக்குறைய ஏழு நிமிடம். 180 நாட் விமானத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். சந்தேகம் இருந்தால் டவுன்விண்டை நீட்டி அவரை முன்னே விடுங்கள். கருவிகளைப் பார்த்து இறங்கும் முறையில் வருபவர்கள் வரைபடத்தில் உள்ள ஏதோ ஒரு புள்ளியின் ஐந்தெழுத்துப் பெயரைச் சொல்வார்கள், புதியவருக்கு அது எங்கே என்று தெரியாது. "எத்தனை மைல்?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

"முன்னால போறவரு ரொம்ப மெதுவா போறாரு. நான் என்ன செய்ய?"

சீக்கிரமே வேகத்தைக் குறையுங்கள், டவுன்விண்டை நீட்டுங்கள், அவர் ஃபைனலில் உங்களைக் கடந்தபின் பேஸுக்குத் திரும்புங்கள். சர்க்யூட்டுக்குள் ஒரு முழு வட்டம் அடிக்காதீர்கள். பின்னால் வருபவரின் முகத்துக்கு நேராகத் திரும்புவீர்கள். இடம் போதவில்லை என்றால் சர்க்யூட்டை விட்டு வெளியேறி மறுபடி 45 பாகையில் வாருங்கள்.

இன்னொரு ஆபத்து, முன்னால் இருப்பவரையே பார்த்துக்கொண்டு ஃபைனல் திருப்பத்தைத் தவறவிடுவது. ரன்வே கோட்டைத் தாண்டிப் போனதும், சரிசெய்யக் கால் தானாக ரடரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் சுக்கான்) மிதிக்கும், கை மூக்கைத் தூக்கும். 45 பாகைச் சாய்வில் உயரத்தைப் பிடித்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) சுமார் 19 சதவீதம் கூடிவிடும். ரடர் அதிகமாகி மூக்கு உள்ளே வழுக்கினால் ஸ்டாலோடு சுழலும் தொடங்கும். 400 அடியில் அதிலிருந்து மீள உயரம் இல்லை. சாய்வை 30 பாகைக்குள் வையுங்கள். கோட்டைத் தாண்டினால் தாண்டட்டும், சுற்றி மறுபடி வாருங்கள்.

"சுத்தி மறுபடி வாறதுன்னா நேரா மேல ஏறுனா போதுமா?"

எஞ்சினுக்கு முழு திராட்டில், ஃபிளாப்பை (இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் தாழ்த்தும் பலகை) உடனே 20 பாகைக்குக் கொண்டுவருதல், மூக்கை உயர்த்தி செஸ்னா 172 எஸ் ரகம் என்றால் 60 நாட்டில் ஏறுதல், ஏற்றம் உறுதியானபின் மீதி ஃபிளாப்பை மெல்ல எடுத்தல். ரேடியோ கடைசியில்தான். ரன்வேயிலிருந்து ஒருவர் மேலேறிக்கொண்டிருந்தால் நேர் மேலே போகாமல் சற்று வலப்பக்கம் விலகி அவரைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்; இடப்பக்கச் சர்க்யூட்டில் அவர் இடப்பக்கம்தான் திரும்புவார். இடப்பக்க இருக்கையிலிருந்து அவரைப் பார்க்கவும் அது வசதி.

"ரன்வே ரெண்டு குறுக்கால வெட்டுது. ஒண்ணுல நான், இன்னொண்ணுல வேற ஆளு. அப்ப?"

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1996 நவம்பர் 19 அன்று இலினாய் மாநிலம் குவின்சியில், இறங்கிய பீச் 1900 பயணிகள் விமானம், குறுக்கு ரன்வேயில் ஏற ஓடிய கிங் ஏர் விமானத்தோடு மோதி 14 பேர் இறந்தனர். "நீங்கள் நிற்பீர்களா?" என்று பீச் விமானிகள் கிங் ஏரைக் கேட்டிருந்தார்கள். பதில் வந்தது பின்னால் நின்ற ஒரு செரோக்கியிலிருந்து. விமானத்தின் எச்சரிக்கைக் குரல் அந்தப் பதிலின் ஒரு பகுதியை மறைத்தது. கிங் ஏர்தான் பேசியது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே பதில் வந்தால், பதில் சொன்னவர் யார் என்பது காதில் விழுந்ததா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அது பதிலே இல்லை. குறுக்கு ரன்வேயில் உள்ள விமானம் நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் ஏறப்போகிறவராக இருந்தால் ரன்வேக்குள் நுழையுமுன் விமானத்தைத் திருப்பி இரண்டு பக்க ஃபைனலையும் பாருங்கள்.

"ரேடியோ செத்துப் போச்சுன்னா?"

டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) 7600 என்று வையுங்கள்; ரேடியோ வேலை செய்யவில்லை என்பதற்கான எண் அது. விளக்குகள் எல்லாம் எரியட்டும். சர்க்யூட்டுக்கு மேலே உயரமாகச் சுற்றி, ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, மேலே சொன்ன 45 பாகையில் நுழைந்து இறங்குங்கள். இங்கே எதிர்பார்த்த பாதையை விட்டு ஓரடிகூட நகரக்கூடாது. மற்றவர்களுக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது அந்தப் பாதை மட்டும்தான்.

"நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போறவங்களுக்கும் இதேதானா?"

கண்ணும் முன்னுரிமையும் அதேதான், நுழையும் முறை மாறும். பிரிட்டனில் தளத்துக்கு 2,000 அடி மேலே வந்து, சர்க்யூட் இல்லாத பக்கத்தில் இறங்கி, ரன்வேயில் விமானங்கள் மேலேறும் முனையைக் கடந்து சேர்வார்கள். நியூசிலாந்திலும் மேலே கடந்து சேரும் முறையே வழக்கம். அமெரிக்க 45 பாகை நுழைவை அங்கே செய்தால், யாரும் பார்க்காத திசையிலிருந்து வருவீர்கள். ஆஸ்திரேலியாவில் தனி அலைவரிசை ஒதுக்காத பல தளங்களுக்கு 126.7, நேராக வருபவர் 3 மைலுக்கு முன்பே ஃபைனலில் நிலைத்திருக்க வேண்டும். நாடு மாறிப் பறக்குமுன் அந்த நாட்டு ஆசிரியரோடு சேரும் முறையை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

"எறங்கியாச்சு. இனி கவலை இல்லல்லா?"

ரன்வேயை விட்டு வெளியேறும்வரை உண்டு. பல சிறு தளங்களில் பக்கப் பாதை கிடையாது, ரன்வேயிலேயே திரும்பி ஓடி வர வேண்டும். திரும்புமுன் ஃபைனலைப் பாருங்கள், "ரன்வேயில் திரும்பி வருகிறேன்" என்று சொல்லுங்கள். வெளியேறும்போது விமானத்தின் வால் வரை நிறுத்தக் கோட்டைத் தாண்டியபின் நின்று, அதற்குப் பிறகே ஃபிளாப்பைத் தொடுங்கள், "ரன்வே காலி" என்று சொல்லுங்கள். கோட்டுக்கு உள்ளேயே நின்று சரிபார்ப்புப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தால், பின்னால் ஃபைனலில் வருபவர் சுற்றிப் போக வேண்டிவரும்.